எட்டாவது குழியில் நான் வாய் திறக்கவில்லை

1

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், பூஜைச் சாமான் கடை ஒன்றின் வாசலில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கற்பூரம் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் ஆன்ட்டி வெண்கல மணி ஒன்றைக் கையில் எடுத்து, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரே ஒரு முறை பலமாக ஆட்டினார். கடைக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நடைபாதையில் கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி போன ஒருவர் நின்றார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கூட பிரேக்கில் கால் வைத்தார்.

மணி! இதுதான்! மூன்று வாரமாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த எனக்கு, செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"வீட்டுக்கா தம்பி, கடைக்கா?" என்றார் கடைக்காரர்.

"கோல்ஃப் மைதானத்துக்கு அண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க கோயிலு கட்டுறாங்களா?"

"இல்லண்ணே. ஆளுங்க சாகாம இருக்கறதுக்கு."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். கோபத்தில் இருப்பவனிடம் பேச்சை வளர்க்கக் கூடாது என்று தெரிந்தவர்.

2

சென்ற முறை இதே பக்கத்தில் கோல்ஃப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, திருப்பூரிலிருந்து நண்பர்கள் என்னை வறுத்தெடுத்தார்கள். "பனியன் கம்பெனிக்காரன் மகனுக்குப் பணக்கார ஆட்டம் கேக்குதோ" என்று ஒருவன். "தொப்பி போட்டு ஒரு போட்டோ அனுப்புடா, கண்ணு பட்டுடப்போவுது" என்று இன்னொருவன். அந்தக் கட்டுரையை நான் திரும்பப் பெறவில்லை. எனக்கு இன்னமும் கோல்ஃப் பிடிக்கும். பாதியைத்தான் எழுதினேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கு, மலாய் நாட்டுக்கு, வந்து இரண்டு வருடம் ஆகிறது. குடியிருப்பு பிரிக்ஃபீல்ட்ஸில், இன்னும் இரண்டு பேரோடு ஒரு ஃப்ளாட்டில். வேலை போர்ட் கிள்ளானில். கன்டெய்னர் எங்கே இருக்கிறது, எப்போது வரும், உடைந்து வந்தால் யாருக்கு எழுதுவது என்பதையெல்லாம் கணக்கு வைக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் போய்வருவது கொம்யூட்டர் எனும் புறநகர் ரயிலில். வந்த புதிதில் அலுவலக நண்பன் ஒருவன் பந்தடிப் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். கூடை நிறைய பந்து கொடுப்பார்கள், அடித்துத் தள்ள வேண்டியதுதான். பத்தொன்பது பந்து பல்லிளித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. இருபதாவது பந்து மேலே போயிற்று. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

விதிப் புத்தகத்தை ரயிலிலேயே படித்து முடித்தேன். நடுவர் இல்லாத ஆட்டம் என்பதுதான் என்னைக் கவிழ்த்தது. நீ செய்த தப்பை நீயே சொல்ல வேண்டும். உன் கணக்கை இன்னொருவன் எழுத வேண்டும், அவனுடையதை நீ எழுத வேண்டும், கடைசியில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, ஆடுபவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. தாமதிக்காமல் ஆடு, மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனி, மற்றவரின் ஆட்டத்தைக் குலைக்காதே. எல்லாம் ஒரே வரியில். நான் அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன். அழகான வரி என்று எழுதி உங்களுக்கும் சொன்னேன்.

இப்போது அந்த வரியைப் பார்த்தால் காது மடல் சூடாகிறது.

3

கம்பெனி ஆட்டம். ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாப் பிரிவினரும் சேர்ந்து ஆடுவது. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் இடையில் இருக்கும் ஒரு கோல்ஃப் கிளப்பில் நடந்தது. பெயர் வேண்டாம். எங்கள் துறைத் தலைவர் கண்ணப்பன் சார் அங்கே உறுப்பினர். அவருடைய விருந்தினர்களாகத்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம்.

கண்ணப்பன் சாரும் நம் ஊர்க்காரர்தான். இருபது வருடத்துக்கு முன் வந்து, நிரந்தரக் குடியுரிமை வாங்கி, இரண்டு வீடு வாங்கி, இப்போது 'நம்ம ஊரு' என்று சொன்னால் எந்த ஊரைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாத நிலையில் இருப்பவர். என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் இது. துறைத் தலைவரின் கடிதம் இல்லாமல் மனிதவளப் பிரிவு எதையும் அனுப்பாது. அந்தக் கடிதம் அன்றைக்கும் அவர் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது, இன்றைக்கும் கிடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான்கு பேர் சேர்ந்து ஆடினோம். சார், நான், சுரேஷ், அங்கிள் லிம். சுரேஷ் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவன், லோரிகளுக்கு வழி சொல்லும் பிரிவில் இருக்கிறான். என்னை 'இண்டியா' என்றுதான் கூப்பிடுவான், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவான். அங்கிள் லிம் ஓய்வு பெற்ற கணக்காளர். தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்த சீனர், தமிழ் பேசுவார், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி. சாரின் கணக்கை எழுதுவது என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

முதல் குழியிலேயே சுரேஷின் பந்து புதருக்குள் போயிற்று. குனிந்து தேடிக்கொண்டே, "எங்க தாத்தா ரப்பர் பால் மரம் வெட்டுன தோட்டம் லா இது" என்றான். "அவரு இங்க வாளியத் தூக்கிக்கிட்டு நடந்தாரு. நான் காசு குடுத்து நடக்குறேன். முன்னேறிட்டோம் பாரு."

மூன்றாவது குழியில் எனக்குப் பாடம் நடந்தது. சார் குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தட்டப்போனார். நான் கையுறையைக் கழற்றினேன். அதில் ஒட்டும் பட்டை ஒன்று இருக்கும், இழுத்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். எனக்கே சரியாகக் கேட்காத சத்தம் அது. பந்து குழியைத் தொட்டுக்கொண்டு வெளியே போயிற்று. சார் மட்டையைத் தூக்கி எறிந்தார். அது புல்லில் இரண்டு முறை புரண்டு அங்கிள் லிம்மின் காலடியில் போய் விழுந்தது.

"படிச்சவன்தானே நீ? நான் மட்டையைத் தூக்கினா மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது. என்ன நடந்தாலும் சரி. புரியுதா?"

"சாரி சார்."

"சாரி எதுக்கு? மேனர்ஸ் இருந்தாப் போதும்."

அங்கிள் லிம் மட்டையை எடுத்து, அதன் கைப்பிடியில் ஒட்டிய புல்லைத் துடைத்து அவரிடம் கொடுத்தார். "மட்டை வீசறதுக்கும் மேனர்ஸ் இருக்கு கண்ணப்பன்" என்றார், சிரித்துக்கொண்டே. சார் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து குழி வரைக்கும் நான் கையுறையைக் கழற்றவே இல்லை. உள்ளே வியர்த்து விரல் ஊறிப்போயிற்று. விதி என்றால் விதிதானே, சார் சொல்வது சரிதானே என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

4

எட்டாவது குழி ஒரு மேட்டைத் தாண்டி இடப் பக்கம் இறங்குகிறது. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. சாரின் முதல் அடி மேட்டுக்கு மேலே நல்ல இடத்தில் விழுந்திருந்தது. அங்கிருந்து குழிக்கு நூற்றைம்பது கஜம் இருக்கும். சுரேஷும் அங்கிள் லிம்மும் தங்கள் பக்கி வண்டியில் முன்னால் போய், கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, வலப்புறம் மரத்தடியில் காத்திருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து இடப்பக்கத்து மணல் பள்ளம் தெரியாது. மேட்டில் நின்ற எங்களுக்குத் தெரியும்.

மணல் பள்ளத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அகலத் தொப்பி, அதற்கு அடியில் முகத்தைச் சுற்றிய துண்டு, ரப்பர் பூட்ஸ். நீளக் கம்புள்ள வாரியால் மணலை வாரிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். பின்னால் எங்கோ புல்வெட்டும் வண்டி இரைந்துகொண்டிருந்தது.

வேலையாட்கள் இருந்தால் அவர்கள் ஒதுங்கிக் கை காட்டும்வரை அடிக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்தது. சாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஆட வந்த கும்பல் இடுப்பில் கை வைத்து நின்றதையும் பார்த்தார்.

"அவங்க பாத்துப்பாங்க. பழகினவங்க" என்றார் என்னிடம்.

மட்டையைத் தூக்கினார்.

நான் வாயைத் திறந்தேன். இதை உங்களிடம் ஒளிக்கக் கூடாது. வாய் திறந்தது, காற்று உள்ளே போயிற்று, சத்தம் வரவில்லை. மூன்றாவது குழி நினைவுக்கு வந்தது. மேசைமேல் இருக்கும் கடிதமும் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த ஒரு விநாடியில் இரண்டும் வந்தன. சார் மட்டையை வீசி இறக்கினார். பந்து தாழ்வாக, இடப்பக்கமாகப் போயிற்று. அது போய்ச் சேர இன்னும் மூன்று விநாடி இருந்தது. அப்போதாவது கத்தியிருக்கலாம். பந்து ஆள்மேல் போனால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும், சின்னக் குழந்தைக்கும் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். சார் கத்தவில்லை. மட்டையைத் தோளுக்கு மேல் நிறுத்தி, படம் எடுக்கக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். நானும் கத்தவில்லை.

பந்து அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே, பூட்ஸுக்குச் சற்று மேலே பட்டது. சத்தம் எங்களுக்கே கேட்டது. வாரியின் மேலேயே விழுந்தார்.

"பந்து எங்க போச்சு?" என்றார் சார்.

"கிரீன்ல சார்" என்றேன்.

அந்தக் குழியில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கிள் லிம் ஓடிவந்துவிட்டார். தன் குளிர்பெட்டியிலிருந்த ஐஸை எல்லாம் துண்டில் கொட்டி அந்த அக்காவின் காலில் வைத்துக் கட்டினார். ஐம்பது வயது இருக்கும் அக்காவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சார் குனிந்து, "ஓகேவாம்மா? ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் கிரீனைப் பார்த்தார். பந்து அக்காவின் காலில் பட்டு எகிறி, கிரீனில் உருண்டு, குழிக்கு ஒரு கஜ தூரத்தில் நின்றிருந்தது.

"அட!" என்றார் சார்.

"இதுக்குப் பெனால்ட்டி இல்லையா அங்கிள்?" என்றான் சுரேஷ். குரலில் விளையாட்டு இல்லை.

அங்கிள் லிம் தலையாட்டினார். "இல்லை. தெரியாம ஆள் மேல பட்டா பெனால்ட்டி இல்லை. பந்து எங்கே நிக்குதோ அங்கே இருந்து அடிக்கணும். ரூல் அப்படி." ஐஸ் கட்டிய துண்டை இறுக்கினார். "ரூல் மட்டும் அப்படி."

சார் குழிப் பக்கம் போனார். குனிந்து சாய்வு பார்த்தார். சுற்றிவந்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தார். பிறகு பந்துக்கு மேலே நின்று, மணல் பள்ளத்துப் பக்கம் இடக் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம், ப்ளீஸ்."

அமைதி வேண்டுமாம். அக்கா முனகலை அடக்கிக்கொண்டார். நான் பார்த்தேன். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் ஒரு பந்தைக் குழியில் தள்ளுவதற்காக, அடிபட்டவர் தன் வலியை நிறுத்தி வைத்தார்.

பந்து குழியில் விழுந்தது. மூன்று அடி. நான்கு அடிக் குழியில் மூன்றே அடி, பேர்டி. சார் முஷ்டியை மடக்கி மேலே தூக்கினார்.

அக்கா மூச்சை விட்டார். சாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பாத்துக்கிட்டுத்தானே தம்பி நின்ன?"

5

ஆட்ட அட்டையில் எட்டாவது கட்டத்தில் '3' என்று எழுதினேன். கடைசியில் கையெழுத்தும் போட்டேன். எழுதியது பொய் இல்லை. ஒரு எண்கூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்! ஐந்து அடித்துவிட்டு மூன்று என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருப்பேன், ஏதோ பெரிய நியாயவான் மாதிரி. இங்கே புத்தகம் அவர் பக்கம் நின்றது.

மதியச் சாப்பாட்டோடு பரிசு கொடுத்தார்கள். அன்றைய சிறந்த பேர்டிக்கு ஒரு கோப்பை. சார் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஒரு பார்ட்னர் இருந்தாங்க, அவங்க காலு இல்லேன்னா இந்தக் கோப்பை இல்ல" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அறுபது பேராவது இருப்பார்கள். சுரேஷ் எழுந்து வெளியே போனான். அங்கிள் லிம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கை தட்டினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும்போல எனக்கும் திருப்பூர் வீதியில் கிரிக்கெட் ஆடிய நாட்கள் உண்டு, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஒரு புத்தகமும் இல்லை, மேனர்ஸ் என்ற சொல்லும் எங்களுக்குத் தெரியாது. ஒருவனை ஒருவன் அம்மா, அப்பாவை இழுத்துத் திட்டிக்கொண்டுதான் ஆடுவோம். ஆனால் பந்து போடுபவன் பாதி தூரம் ஓடி வந்திருப்பான், எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட வெளியே வருவார். ஆடுகிறவன், போடுகிறவன், சும்மா மதில்மேல் உட்கார்ந்திருப்பவன், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். "அக்கா, ஒதுங்குங்க்கா!" ஓடி வந்தவன் நிற்பான். அக்கா வேண்டுமென்றே மெதுவாகப் போவார், நான்கு திட்டும் திட்டுவார். அவர் போன பிறகுதான் அடுத்த பந்து. கடைசிப் பந்தில் நான்கு ரன் வேண்டும் என்றாலும் அப்படித்தான்.

அந்தத் தெருவில் கத்தத் தெரிந்தவனுக்கு, ஆறு மட்டைகளும் ஒரு தொப்பியும் வந்ததும் தொண்டை எங்கே போயிற்று?

6

மறுவாரம் புதன்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, புகார் கொடுக்க கிளப் அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தை மலாயில் எழுதியிருந்தேன். மலாயில் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே முறைக் கடிதம், கன்டெய்னரில் சரக்கு உடைந்து வந்தால் அனுப்பும் கடிதம்தான். அதையே மாற்றி எழுதிக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்று மறுபடி படித்தபோதுதான் பார்த்தேன். சேதமடைந்தது: ஒன்று. சேதத்தின் இடம்: வலது கால், முழங்காலுக்குக் கீழே. சேதம் நிகழ்ந்தபோது பொறுப்பில் இருந்தவர்: இல்லை. இரண்டு வருடத்தில் இந்த ஊரில் நான் கற்றுக்கொண்டது இதுதான் போலிருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கட்டம், உறுப்பினர் எண்.

"நான் உறுப்பினர் இல்லை, விருந்தினர்."

"அப்படியென்றால் உங்களை அழைத்து வந்த உறுப்பினர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மூலமாகத்தான் விருந்தினர் புகார் வரும்."

"என்னை அழைத்து வந்தவர் இவர்தான்" என்று கடிதத்தில் சாரின் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆமாம், அவரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்."

"அவர் மேல்தான் புகார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், உடனே அடக்கிக்கொண்டார். வேலையாள் அடிபட்டால் யார் எழுதித் தருவது என்று கேட்டேன். அது கிளப்பின் வேலை இல்லை, புல் பராமரிக்கும் குத்தகைக்காரரின் வேலை, அவர் எழுதித் தந்தால் பார்ப்பார்கள் என்றார். குத்தகைக்காரர் எழுதித் தந்திருக்கிறாரா? இல்லை. தருவாரா? தோளைக் குலுக்கினார். குரலைத் தாழ்த்தி, "அந்த அக்கா பம்ப் கொட்டகையில்தான் இருக்கிறார், பத்து மணிக்கு ஓய்வு" என்றார். அதற்கு மட்டும் படிவம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெறும் கையோடு போய் என்ன சொல்வது? புகார்க் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கிள்ளானில் மணி கிடைத்தது.

7

பெயர் பரமேஸ்வரி. எல்லோருக்கும் பரமேஸ் அக்கா. கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ என்னும் பாலில்லாத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அடிபட்ட காலை நீட்டி வைத்திருந்தார். வீக்கம் வடிந்திருந்தது, கன்றிய நிறம் மாறவில்லை.

"யாரு, வேடிக்கை பாத்த தம்பியா?"

"ஆமாக்கா."

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"கேளு."

"மன்னிச்சிடுங்கக்கா."

"செரி. ஒன்னுது முடிஞ்சிச்சு. அந்தாளுது எப்ப?"

பையிலிருந்து மணியை எடுத்தேன்.

"என்னா இது?"

"மணிக்கா. எட்டாவது குழிக்கிட்ட ஒரு மரம் இருக்குல்ல, அதுல கட்டிடலாம். நீங்க பள்ளத்துக்குள்ள எறங்கும்போது ஒருதடவை அடிச்சீங்கன்னா மேட்டுல நிக்கறவங்களுக்குக் கேக்கும். வேலை முடிஞ்சு ஏறி வரும்போது ரெண்டு தடவை அடிச்சா அவங்க ஆடலாம். நான் மரத்துக்கிட்ட போய்ப் பாத்தேன், கயிறு கட்ட நல்ல கிளை ஒண்ணு இருக்கு..."

படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு எதையாவது கண்டுபிடித்துவிட்டால் இப்படித்தான். அக்கா மணியை வாங்கி ஒருமுறை ஆட்டினார். கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"நல்லாதான் இருக்கு. அப்ப, புல்லு வெட்டுறது நானு. எல பொறுக்குறது நானு. மணலு வாருறது நானு. இனிமே மணி அடிக்கிறதும் நானா?"

"இல்லக்கா, ஒரு பாதுகாப்புக்கு..."

"ஒரு நாளு மறந்துட்டேன்னு வையி. அடிச்சவன் என்னா சொல்லுவான்? நீ ஏன் மணி அடிக்கல, ஒன் தப்புன்னு சொல்லுவானா மாட்டானா?"

சொல்வார். சார் அந்தப் பரிசுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார். மூன்று வாரம் யோசித்து நான் கண்டுபிடித்தது, அடிபடுகிறவரின் தலையிலேயே பழியைக் கட்டுவதற்கு ஒரு கயிறு.

"அன்னிக்கி ஒனக்கு வாயி இருந்துச்சுல்ல?" என்றார்.

"அவரு அடிக்கும்போது சத்தம் போடக் கூடாதுன்னு ரூல் இருக்குக்கா. புத்தகத்துல..."

"என் காலு அந்தப் பொஸ்தகத்துல இல்லியா?"

இருக்கிறது. அதே வரியில் இருக்கிறது. அதுவும் முன்னால் இருக்கிறது. மற்றவர்களின் பாதுகாப்பு முதலில், ஆட்டத்தைக் குலைக்காதே என்பது அதற்குப் பின்னால்தான். பென்சிலால் கோடு போட்டவன் நான்.

"இருக்குக்கா" என்றேன்.

"பெறகென்ன?"

அவ்வளவுதான் கேட்டார். தே ஓவை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "டாக்டரு குடுத்த எம்.சி. லீவு ரெண்டு நாளு போட்டேன். மூணாவது நாளு போன் பண்ணி, வேற எடத்துக்கு மாத்தவான்னு கேக்குறான் குத்தகைக்காரன். நான் செஞ்ச தப்பு என்னா சொல்லு? பந்து வர்ற எடத்துல நின்னேனாம்" என்றார். கோபம் அவர் குரலில் இல்லை, கையில் இருந்தது. பிளாஸ்டிக் பையை நசுக்கி எறிந்தார்.

"அடுத்த தடவை நான் ஃபோர்னு கத்தறேன்க்கா. சத்தியமா."

"ஃபோரா?" சிரித்தார். "ஒரு நாளைக்கி நூறு வாட்டி எங்கயாச்சும் கத்துறானுங்க. அது அவனுங்க ஆளுங்களுக்கு. எங்க காதுல விழுறதே நின்னுபோச்சு. என்னைக் கூப்புடணும்னா என்னைக் கூப்புடு."

"எப்படி?"

"அக்கான்னு கூப்புடு. எத்தனை மெசினு ஓடுனாலும் அது கேக்கும்."

எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டார். மணியைத் திருப்பிக் கேட்கக் கை நீட்டினேன். "இது எங்க வீட்டு சாமிக்கி இருக்கட்டும்" என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

8

போன வியாழக்கிழமை சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் பெர்மிட் கடிதம் அவருக்கு முன்னால்தான் இருந்தது. அதன்மேல் காப்பிக் கோப்பை.

"ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? ஒரு ஆள் குறையுது. உன்னை மாதிரி அமைதியா நிக்கறவன் கிடைக்கறதில்லப்பா. இந்த லோக்கல் பசங்க ஓயாம பேசறானுங்க."

எனக்கு இந்த ஊரில் கிடைத்த பாராட்டுகளிலேயே கேவலமானது இதுதான்.

"வரேன் சார்."

"குட். திங்கக்கிழமை இதுல கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

சுரேஷிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் அவன் இருக்கிறான். "கத்தப் போறேன்டா" என்றேன். "டே இண்டியா, ஒன் பெட்டி படுக்கையெல்லாம் எங்க லோரிலயே ஏத்தி ஏர்போர்ட்ல எறக்கி விடுறேன் லா. நல்லா சத்தமா கத்து" என்றான்.

அப்பாவிடமும் தொலைபேசியில் சொன்னேன். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக நின்றவர். "பெரியவருகிட்ட அனுசரிச்சுப் போ கண்ணு" என்றார். நம் வீதியில் ஆடும்போது அக்கா யாராவது வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது வீதி கண்ணு. இது வேலை."

அப்பா மேலும் கோபம் வந்தது. பிறகு, எட்டாவது குழியில் நானும் இதையேதான் நினைத்தேன் என்பது உறைத்ததும், அவரிடம் கத்தாமல் போனை வைத்தேன். யார் யாரிடமோ கத்தி இந்தக் கோபத்தைச் செலவழித்துவிடக் கூடாது.

நேற்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒத்திகை பார்த்தேன். சிரிக்காதீர்கள். பழகாமல் கத்தப்போனால் தொண்டை ஏமாற்றிவிடும், அன்றைக்கு அப்படித்தான் ஏமாற்றியது. கடைத்தெரு நடைபாதையில், மோனோரயில் தலைக்கு மேல் இரைந்து போகும் நேரமாகப் பார்த்து நின்றுகொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"அக்கா!"

பூக்கட்டுகிற அக்கா திரும்பினார். சேலைக்கடை வாசலில் நின்றவர் திரும்பினார். சாலைக்கு அந்தப் பக்கம் குடையை விரித்துக்கொண்டிருந்த ஒருவரும் திரும்பினார். "என்னாச்சு தம்பி, நெருப்பா?" என்று பூக்கார அக்கா பாதி எழுந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. கேக்குதான்னு பாத்தேன்."

"காது கிழியுது, போடா அந்தப்பக்கம்!"

நாளை காலை ஏழரைக்கு ஆட்டம். எட்டாவது குழிக்கு எப்படியும் ஒன்பதரை ஆகும், அது மணல் வாரும் நேரம். மேட்டில் நான் சாருக்கு வலப்புறம், அன்று நின்ற அதே இடத்தில் நிற்பேன். பள்ளத்தில் யாராவது இருந்தால், மட்டை தரையில் இருக்கும்போதே ஒருமுறை சொல்வேன், மரியாதையாக, 'ஆள் இருக்காங்க சார்' என்று. அதையும் மீறி மட்டை மேலே போனால், போய்க்கொண்டிருக்கும்போதே கத்துவேன். சார் மட்டையை என்மேல் எறியலாம். திங்கட்கிழமை அந்தக் கடிதம் காப்பிக் கோப்பைக்கு அடியிலேயே கிடக்கலாம். மாட்டிப் பார்த்த கையுறையை மட்டும் 'சர்ர்' என்று பட்டையை இழுத்து இப்போதே கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.